பிழையறிக்கைகளைத் தரம்பிரித்தல்

கட்டற்ற மென்பொருள் ஒன்று நாலு பேர் கைக்குப் போய்ப் பழக்கத்துக்கு வந்ததும், அதன் நிரலைத் திருத்தும் திறமுடையவர்களின் தொகை மெல்ல மெல்லவே வளர, அதில் குறை கண்டு எழுதுகிறவர்களின் தொகையோ பன்மடங்காகப் பெருகிவிடுகிறது. டெபியன் திட்டத்தின் பிழைப்பதிவேட்டில் அறிக்கைகளின் வரிசை எண் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. மொஸில்லா திட்டம் 1998-இல் தொடங்கிய பக்ஸில்லா என்ற பிழைப்பதிவு மென்பொருளில் இன்றும் நாள்தோறும் புதிய அறிக்கைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. இவற்றை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள் அல்லர். தம்முடைய காரியம் ஒன்று தடைப்பட்டு நிற்க, அந்த எரிச்சலுக்கு நடுவிலும், பின்னால் வருகிறவருக்காவது இந்தச் சிரமம் நேராதிருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் ஒதுக்கி எழுதியவர்கள். படிக்கிறவர்களும் அநேகமாகத் தம் ஓய்வு நேரத்தையே தருகிறவர்கள். இந்த இருசாராருக்கும் நடுவே நின்று, ஒருவருடைய சிரமத்தை மற்றவருடைய வேலையாக மாற்றித் தருகிற பொறுப்பே தரம்பிரித்தல் எனப்படுவது. அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. பொறுமையும், சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்லாத பழக்கமும், தெளிவாக நாலு வாக்கியம் எழுதும் ஆற்றலும் இருந்தால் போதும்.

இந்த அத்தியாயம் முழுவதிலும் நான் வற்புறுத்தப்போவது ஒரே விஷயத்தைத்தான். ஒரு பிழை எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பது ஒரு கேள்வி. அதை எப்போது எடுத்துத் திருத்துவது என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கு விடை, பாதிக்கப்பட்டவரின் அனுபவத்திலும் நாம் செய்துபார்க்கும் பரீட்சையிலும் இருக்கிறது. பின்னதற்கு விடை, திட்டத்தின் ஆள்பலத்திலும், வெளியீட்டு நாளிலும், திருத்தத்தினால் விளையக்கூடிய அபாயத்திலும் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத திட்டங்களில்தான், உரக்கப் பேசுகிறவருடைய பிழை முதலிலும், சத்தமில்லாமல் கோப்புகளை அழித்துக்கொண்டிருக்கும் பிழை கடைசியிலும் போய் நிற்கின்றன.

முதல் வாசிப்பு

லிப்ரெஆஃபீஸ் திட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2010 செப்டம்பரில் ஓபன்ஆஃபீஸிலிருந்து பிரிந்து தனித் திட்டமாக நின்ற அது, தன் பிழைகளையெல்லாம் பக்ஸில்லாவிலேயே பதிந்து வருகிறது. அங்கே புதிதாக வரும் அறிக்கை ‘அன்கன்ஃபர்ம்டு’ என்ற நிலையில், அதாவது இன்னும் ஊர்ஜிதமாகாததாக, வந்து அமர்கிறது. எழுதியவரைத் தவிர வேறொருவர் அதே பிழையைத் தம் கணினியில் கண்டு உறுதி சொன்ன பிறகே அது ‘நியூ’ என்ற நிலைக்கு ஏறும். இந்த ஏற்பாட்டின் நியாயம் எளிது: இரண்டு கணினிகளில் தோன்றும் பிழை மென்பொருளின் பிழையாக இருப்பதற்கு இடமுண்டு, ஒரே கணினியில் தோன்றுவது அந்தக் கணினியின் விசேஷமாகவும் இருக்கலாம்.

இப்படியோர் அறிக்கை வருகிறதென்று வைத்துக்கொள்வோம். ‘ரைட்டரில் தமிழ் எழுத்து உடைகிறது. பிடிஎஃப் எடுத்தால் கொம்பு தனியாக நிற்கிறது. மிகவும் அவசரம்.’ வாசகம் இவ்வளவே. கோப்பு இல்லை, படம் இல்லை, பதிப்பு எண்ணும் இல்லை. அனுபவமில்லாதவர் இதைக் கண்டதும் ‘விவரம் போதாது’ என்று இரண்டு சொல்லில் பதிலெழுதி அடுத்த அறிக்கைக்குப் போய்விடுவார். அறிக்கையாளரோ, எந்த விவரம் போதவில்லை என்று விளங்காமல், திரும்பி வராமலே போய்விடுவார். நல்ல பதில் எப்படியிருக்கும் என்றால், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘அறிக்கைக்கு நன்றி. லினக்ஸில், 24.8 பதிப்பில், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொண்டு “கொடி” என்ற சொல்லை எழுதிப் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்தேன். கொம்பு சரியான இடத்திலேயே வருகிறது. நீங்கள் உபயோகித்த எழுத்துருவின் பெயரைச் சொல்லுங்கள். பிழை தோன்றும் ஒரே ஒரு சொல்லை மாத்திரம் புதிய கோப்பில் வைத்து, அந்தக் கோப்பையும் அதிலிருந்து எடுத்த பிடிஎஃபையும் இணையுங்கள். உதவி மெனுவில் “லிப்ரெஆஃபீஸ் பற்றி” என்பதைத் திறந்தால், பதிப்பு விவரத்தை நகலெடுக்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, வருவதை அப்படியே இங்கே ஒட்டிவிடுங்கள்.’

இந்தப் பதிலில் கவனிக்கத்தக்கது, கேட்பதற்கு முன்னால் எழுதியவர் தாம் ஒரு முயற்சி செய்து, அதன் பலனை முதலில் வைத்துவிட்டார் என்பது. தம் அறிக்கையை ஒருவர் பொருட்படுத்திச் சோதித்திருக்கிறார் என்று கண்டவர் எவரும் தாமும் கொஞ்சம் பாடுபடத் தயங்குவதில்லை. கேட்டவை மூன்றே விஷயங்கள் என்பதும், ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வதென்று சொல்லியிருப்பதும் அதே காரணத்தால்தான். பத்துக் கேள்விகளை அச்சடித்த படிவம்போல் ஒட்டுகிறவருக்கு ஒன்பதுக்குப் பதில் வராது.

ஒரே சொல் உள்ள கோப்பை ஏன் கேட்கவேண்டும், நாமே அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து பார்த்தால் ஆகாதா என்று சிலர் நினைக்கலாம். தமிழைப் பொறுத்தவரை ஆகாது. ‘கொ’ என்ற எழுத்தை, ‘க’வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறியாகவும் கோப்பில் சேமிக்கலாம். ‘ெ’ என்றும் ‘ா’ என்றும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோட் நியதிப்படி இரண்டும் சமமானவை. கண்ணுக்கும் வேற்றுமை தெரியாது. ஆனால் ஒரு விசைப்பலகை முதல் வகையையும் மற்றொன்று இரண்டாம் வகையையும் தரக்கூடும்; பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாம் வகை வருவதற்கு இடமுண்டு. பிழை இரண்டாம் வகையில் மட்டும் ஒளிந்திருக்குமானால், நம் விசைப்பலகையில் நாம் எத்தனை தடவை எழுதினாலும் அது வெளிப்படாது. நாமும் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமலே ‘இங்கே பிழையில்லை’ என்று எழுதி, உண்மையான ஓர் அறிக்கையை மூடிவிடுவோம். கோப்பை வாங்கிவிட்டால் அந்தத் தவறுக்கு இடமில்லை.

கோப்பு வந்தது, பிழையும் நம் கணினியில் தெரிந்தது; அடுத்து, குற்றம் யாருடையது என்று பார்க்கவேண்டும். எழுத்துகளை உருவமாக்கி வரிசைப்படுத்தும் பணிக்கு லிப்ரெஆஃபீஸ், 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல், எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தையே நம்பியிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் ஹார்ஃப்பஸ்ஸையே உபயோகிக்கிறது. ஆகவே அதே சொல்லை அதே எழுத்துருவில் ஃபயர்ஃபாக்ஸில் காட்டிப் பார்ப்பது மிகச் சுலபமான ஒரு பரீட்சை. அங்கும் கொம்பு விலகி நின்றால் எழுத்துருவின்மேலோ ஹார்ஃப்பஸ்ஸின்மேலோ சந்தேகம் கொள்ளலாம். எழுத்துருவை மாற்றியதும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். ஃபயர்ஃபாக்ஸில் சரியாகவும் ரைட்டரின் பிடிஎஃபில் மாத்திரம் தவறாகவும் இருந்தால், லிப்ரெஆஃபீஸ்தான் பொறுப்பேற்கவேண்டும். எழுத்துருவின் குற்றமென்று தெரிந்தால், அறிக்கையை ‘நாட் அவர் பக்’ என்று மூடுவதோடு நில்லாமல், அந்த எழுத்துருவைப் பராமரிப்பவர்களிடம் பதிந்து, அந்தப் பதிவின் முகவரியை இங்கே குறித்துவைப்பதே முறை. வாசலைக் காட்டாமல் வெளியே அனுப்புவது மரியாதையாகாது.

தமிழ் அறிந்த தொண்டர் ஒருவர் இத்தகைய திட்டத்துக்கு எவ்வளவு இன்றியமையாதவர் என்பதையும் இங்கே சொல்லிவிட விரும்புகிறேன். கொம்பு இடம் மாறியிருக்கிறதா, துணைக்கால் மேலே ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளருக்குப் படத்தைப் பார்த்தாலும் விளங்காது. ‘இடப்பக்கம் உள்ளது சரியான உருவம், வலப்பக்கம் உள்ளது தவறானது, சிவப்பு வட்டம் இட்ட இடத்தைப் பாருங்கள்’ என்று இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டுகிறவர் இல்லாத காரணத்தினாலேயே, இம்மாதிரியான அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் ஊர்ஜிதமாகாமல் கிடந்துவிடும்.

எப்போது புகுந்தது?

பிழை உண்டென்று தெரிந்தபின் கேட்கவேண்டிய மிகப் பயனுள்ள கேள்வி, அது முன்னமே இருந்ததா, அல்லது இடையில் புகுந்ததா என்பது. பழைய பதிப்பில் சரியாக நடந்த காரியம் புதிய பதிப்பில் கெட்டுப்போயிருந்தால், அதை ‘ரிக்ரெஷன்’ என்று தனியாகக் குறிக்கிறார்கள். லிப்ரெஆஃபீஸில் இதைக் கண்டுபிடிக்க அருமையான சாதனம் ஒன்று இருக்கிறது. வளர்ச்சிக் காலத்தில் அவ்வப்போது தொகுக்கப்பட்ட, உடனே ஓடக்கூடிய பதிப்புகளையெல்லாம் ஒரே கிட் களஞ்சியத்தில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். அதைக்கொண்டு தேடுவதற்கு ‘பைபைசெக்ட்’ என்று பெயர். தேடுகிறவர் நிரலைத் தொகுக்க வேண்டியதில்லை, சி++ மொழியும் தெரியவேண்டியதில்லை. பிழையில்லாத பழைய பதிப்பு ஒன்றையும் பிழையுள்ள புதிய பதிப்பு ஒன்றையும் சுட்டிக்காட்டினால், நடுவிலுள்ள பதிப்பை அது எடுத்துத் தரும். அதைத் திறந்து, அந்த ஒரே சொல் உள்ள கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்று சொன்னால், மிச்சத்தில் பாதியைத் தள்ளிவிட்டு மறுபடியும் நடுவிலிருந்து ஒன்றைத் தரும். ஆயிரம் பதிப்புகள் இருந்தால் பத்துத் தடவையும், எட்டாயிரம் இருந்தால் பதின்மூன்று தடவையும் சோதித்ததும், பிழையைக் கொண்டுவந்த மாற்றம் இன்னதென்று தெரிந்துவிடும்.

ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய இந்த வேலையின் பலன் மிகப் பெரிது. அந்த மாற்றத்தைச் செய்த நிரலாளரின் பெயர் தெரிகிறது. அவரை அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். மாற்றம் சமீபத்தியதானால், தாம் எதற்காக அந்த வரியைத் தொட்டோம் என்பது அவர் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கும். ‘எழுத்து உடைகிறது’ என்று தொடங்கிய புகார், ‘இன்ன மாற்றத்துக்குப் பிறகு, இரண்டு குறிகளாகச் சேமித்த கொம்பும் காலும் பிடிஎஃபில் பிரிகின்றன’ என்ற வாக்கியமாக மாறிவிட்டால், திருத்துகிறவருடைய வேலையில் பெரும்பகுதியைத் தரம்பிரித்தவர் செய்து கொடுத்துவிட்டார் என்றே சொல்லவேண்டும். ரிக்ரெஷன்களை மற்றப் பிழைகளுக்கு முன்னால் எடுக்கவேண்டும் என்பது பெரிய திட்டங்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம். லினக்ஸ் கெர்னலில், புதிய பதிப்பினால் பயனரின் பழைய நிரல் ஓடாமல் போகக்கூடாது என்ற விதியை லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக விடாப்பிடியாகக் காத்துவருகிறார். புதிய பதிப்பை நம்பி ஏற்றுக்கொண்டவர் அதனால் நஷ்டமடைந்தால், அடுத்த பதிப்பை ஏற்க அஞ்சுவார். அந்த அச்சம் பரவினால், பாதுகாப்புத் திருத்தங்களும் அவர் கணினிக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடும்.

கெடுதலின் அளவு

தீவிரத்தை அளப்பதற்கு டெபியன் வகுத்துவைத்திருக்கும் ஏழு படிகளை ஒவ்வொரு தொண்டரும் ஒரு தடவையாவது நிதானமாகப் படிக்கவேண்டும். ‘கிரிட்டிக்கல்’, ‘கிரேவ்’, ‘சீரியஸ்’, ‘இம்பார்ட்டன்ட்’, ‘நார்மல்’, ‘மைனர்’, ‘விஷ்லிஸ்ட்’ என்பவை அவை. சம்பந்தமில்லாத மற்ற மென்பொருள்களையோ கணினி முழுவதையுமோ கெடுப்பது, பெரிய தரவு இழப்பை உண்டாக்குவது, கணினியையே பிறர் கைக்குத் திறந்துவிடுவது ஆகியவை முதற்படி. அந்த மென்பொருளையே உபயோகிக்க முடியாமற் செய்வது இரண்டாம் படி. இந்த இலக்கணங்களில் பிழை விளைவிக்கும் சேதத்தைப் பற்றியே பேச்சு. அறிக்கையாளரின் கோபத்துக்கோ அவசரத்துக்கோ அவற்றில் இடமில்லை.

மேல் மூன்று படிகளில் எதையேனும் பெற்ற பிழை அங்கே வெளியீட்டையே தடுக்கும் பிழையாகக் கருதப்படுகிறது. அப்படிப்பட்ட புதிய பிழை உள்ள தொகுப்பு, சோதனைக் கிளைக்குள் நுழைய முடியாமல் நின்றுவிடும். தம் பிழை சீக்கிரம் கவனிக்கப்படவேண்டும் என்ற ஆவலில் ஒருவர் ‘கிரேவ்’ என்று போட்டுவிட்டால், அவருக்குத் தெரியாத பலருடைய வேலை அங்கே தடைப்படுகிறது. ஆகையால், மிகையாகக் குறிக்கப்பட்ட தீவிரத்தைக் குறைப்பது தரம்பிரிப்பவரின் கடமைகளுள் ஒன்று. குறைக்கும்போது காரணத்தை ஒரு வாக்கியத்திலாவது எழுதவேண்டும் என்பதும் அந்தக் கடமையின் பகுதியே. ‘அச்சிடுதல் மட்டும் தடைப்படுகிறது, எழுதுவதும் சேமிப்பதும் நடக்கின்றன, எனவே இம்பார்ட்டன்ட்’ என்று எழுதினால் அதில் சண்டைக்கு இடமில்லை.

கிராஷ் ஆவதைக் காட்டிலும் அஞ்சத்தக்கது, சத்தமில்லாமல் தரவைக் கெடுப்பது. கிராஷ் ஆனால் பயனருக்கு உடனே தெரிகிறது. கடைசியாகச் சேமித்த கோப்பு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. சத்தமில்லாத கெடுதலோ, நல்ல காப்புநகல்களின்மேல் கெட்ட நகல்கள் ஏறிய பின்பே வெளியாகிறது. 2023 டிசம்பரில் டெபியன் தன் 12.3 பதிப்பை வெளியிடும் தறுவாயில், அதனுள் இருந்த 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவைக் கெடுக்கக்கூடிய பிழை இருப்பது தெரியவந்தது. உடனே அதன் வட்டுப்படிமங்களை வெளியிடாமல் நிறுத்திவைத்து, பயனர்கள் மேம்படுத்த வேண்டாமென்று எச்சரித்து, மறுநாளே திருத்திய கெர்னலோடு 12.4 பதிப்பை வெளியிட்டார்கள். எத்தனை பேருக்கு நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு அவர்கள் காத்திருக்கவில்லை. தரவு இழப்பு என்ற சொல் அறிக்கையில் எங்கே தென்பட்டாலும், அதை எழுதியவர் எவ்வளவு அடக்கமாக எழுதியிருந்தாலும், மற்ற எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதை முதலில் பரீட்சிக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வரிசையில் இடம்

தீவிரத்தை நிர்ணயித்த பிறகுதான் முன்னுரிமைக்கு வரவேண்டும். மொஸில்லாவின் பக்ஸில்லாவில் இவை இரண்டும் தனித்தனிக் கட்டங்கள்: தீவிரத்துக்கு எஸ்1 முதல் எஸ்4 வரை, முன்னுரிமைக்குப் பி1 முதல் பி5 வரை. பி1 என்றால் இந்த வெளியீட்டிலேயே திருத்தவேண்டும். பி5 என்றால், நாங்கள் திருத்தப்போவதில்லை, ஆனால் யாராவது திருத்தி அனுப்பினால் ஏற்றுக்கொள்வோம். இந்தப் பி5 என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். நிறைவேற்ற முடியாத வாக்குறுதியை இழுத்துக்கொண்டு போகாமல், உள்ள நிலையை உள்ளபடி சொல்லி, பிறர் முன்வருவதற்கும் அது வழி விடுகிறது. இரண்டு கட்டங்களும் ஒன்றோடொன்று ஒட்டியே நகரவேண்டும் என்பதும் இல்லை. முதற்பக்கத்தில் திட்டத்தின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால், கெடுதல் சொற்பம், ஆனால் ஒரு நிமிஷத்தில் திருத்தலாம், எல்லார் கண்ணிலும் படுகிறது, இன்றைக்கே செய்துவிடலாம். பத்தாண்டுக்கு முன் கைவிடப்பட்ட இயங்குதளத்தில் மட்டும் நேரும் கிராஷ், கெடுதலில் பெரிது. ஆயினும் வரிசையின் பின்னால் நிற்பதே நியாயம்.

எத்தனை பேரைப் பாதிக்கிறது என்ற கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். எவர்களுக்குள்ளே எத்தனை பேர் என்று சேர்த்துக் கேட்கிறவர்கள் சொற்பம். தமிழ்க் கொம்பு விலகி நிற்பதை லிப்ரெஆஃபீஸின் பயனர் அனைவரோடும் ஒப்பிட்டால் அது மிகச் சிறிய பங்கினரின் தொல்லை. தமிழில் எழுதுகிறவர்களைக் கொண்டு கணக்கிட்டால், ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் வரும் குறை. மனு எழுதுகிறவர், வினாத்தாள் தயாரிக்கிறவர், புத்தகம் அச்சுக்கு அனுப்புகிறவர் எவருக்கும் அந்த மென்பொருளே பிரயோஜனப்படாது. மொத்தத் தொகையை மாத்திரம் பார்க்கிற திட்டம், சிறிய மொழிகளையும், திரைவாசிப்பானைக்கொண்டு கணினியை உபயோகிக்கும் பார்வையற்றோரையும் எப்போதும் வரிசையின் கடைசியிலேயே நிறுத்திவிடும்; அப்படி நிறுத்தப்பட்டவர்கள் விலகிப்போகிறார்கள்; விலகியதனால் அவர்கள் தொகை இன்னும் குறைகிறது; குறைந்த தொகையையே காரணமாகக் காட்டி மறுபடியும் பின்னால் தள்ளுகிறார்கள். ஆகவே அறிக்கையில் இந்த வாக்கியத்தை எழுதிவைப்பது நலம்: ‘இந்த வசதியை உபயோகிப்பவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் இது நேரும்.’

மாற்றுவழி உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். ஆனால் மாற்றுவழி என்று நாம் சொல்வது, அறிக்கையாளர் உண்மையிலேயே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். முனையத்தைத் திறந்து ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும் என்பது நிரலாளருக்கு மாற்றுவழி. பள்ளி ஆசிரியருக்கு அது ஒன்றுமில்லை.

இவற்றோடு, திருத்தத்தின் அபாயத்தையும் தராசில் வைக்கவேண்டும் என்பதற்கு இத்துறையின் சரித்திரத்தில் மறக்கமுடியாத உதாரணம் ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டு டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில், வால்கிரிண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கைகளை நீக்குவதற்காக நிரலில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அந்த எச்சரிக்கைகளால் பயனர் எவருக்கும் நஷ்டமில்லை. மாற்றமோ, இரகசியச் சாவிகளை ஆக்குவதற்கு ஆதாரமாயிருந்த தற்செயல் எண்களின் ஊற்றையே ஏறக்குறைய அடைத்துவிட்டது. நிரலோட்டத்தின் அடையாள எண் ஒன்றுதான் மிஞ்சியது, அதற்கு 32,768 மதிப்புகளே உண்டு. 2008 மே மாதத்தில் இது வெளிப்பட்டபோது, இடைக்காலத்தில் டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு போன்றவற்றிலும் அந்தத் தொகுப்பைக்கொண்டு ஆக்கிய சாவிகளையெல்லாம் தூக்கியெறிந்து புதிதாகச் செய்யவேண்டி வந்தது. கருவி காட்டும் எச்சரிக்கை வேறு, மனிதருக்கு நேரும் கெடுதல் வேறு. கெடுதல் அற்பமாயும், தொடவேண்டிய இடம் மர்மஸ்தானமாயும் இருந்தால், அந்த அறிக்கையைக் கீழ்ப்படியிலேயே வைத்து, ‘இந்தப் பகுதியை ஆழ்ந்து அறிந்தவர் பார்க்காமல் மாற்றவேண்டாம்’ என்று குறித்துவிடுவதே விவேகம்.

பாதுகாப்புக் குறைகள்

பாதுகாப்புக் குறைகளுக்குரிய வழி தனி. குறையை விளக்கும் அறிக்கை, திருத்தம் வருமுன் பகிரங்கமாகிவிட்டால், அதுவே தாக்குகிறவருக்குக் கைவிளக்காகிவிடும். ஆகவே பொதுப்பதிவேட்டில் இப்படியோர் அறிக்கை தென்பட்டால், முதலில் அதை மறைக்கும் அதிகாரமுள்ளவருக்குத் தெரிவிக்கவேண்டும். மொஸில்லாவின் பக்ஸில்லாவில் இதற்கென்றே பாதுகாப்புக் குறியீடு உண்டு. பிழையை ஊர்ஜிதம் செய்த விவரங்களைப் பொதுவில் எழுதக்கூடாது. அண்மை ஆண்டுகளில் புதியதொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவைக்கொண்டு எழுதப்பட்ட, படிக்கும்போது வெகு திருத்தமாயும் சோதித்தால் ஆதாரமற்றதாயும் இருக்கும் அறிக்கைகள். கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், இவை தொண்டர்களின் காலத்தை விழுங்குவதைப் பகிரங்கமாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். இங்கேயும் கோப்பைக் கேட்பதுதான் மருந்து. எந்த உள்ளீட்டைக் கொடுத்தால், எந்தப் பதிப்பில், என்ன நேர்கிறது என்று செய்துகாட்டும்படி கேளுங்கள். உண்மையாகவே கண்டவர் காட்டிவிடுவார்.

மூடுதலும் மறுத்தலும்

ஒரே பிழையைப் பலர் எழுதியிருந்தால், முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை ‘டூப்ளிகேட்’ என்று இணைப்பது வழக்கம். நான் அதற்கு உடன்படுவதில்லை. தெளிவாக எழுதப்பட்டதை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதனோடு சேர்ப்பதே சிறந்தது. மூடப்படும் அறிக்கையில் மாத்திரம் இருக்கும் கோப்பையோ குறிப்பையோ வைத்திருக்கும் அறிக்கைக்கு எடுத்துச் செல்ல மறக்கக்கூடாது.

செய்யப்போவதில்லை என்று தீர்மானித்ததைச் செய்யப்போவதில்லை என்றே சொல்லவேண்டும். பராமரிப்பாளர்கள் பலர் இளகிய மனத்தினால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அறிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்திருக்கிறார். காரணத்தோடு கூறிய மறுப்பு அன்றைக்குக் கசந்தாலும், அவர் வேறு வழி தேடிக்கொள்ளவோ, தாமே திருத்தவோ இடங்கொடுக்கிறது.

விவரம் கேட்டும் பதில் வராத அறிக்கைகளுக்கு லிப்ரெஆஃபீஸ் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது. ‘நீட் இன்ஃபோ’ என்ற நிலையில் ஆறு மாதம் அசையாமல் கிடந்தால் நினைவூட்டல் போகிறது. அதன் பின்னும் ஒரு மாதம் பதிலில்லையென்றால் ‘இன்சஃபிஷியன்ட் டேட்டா’ என்று மூடப்படுகிறது. விவரம் கிடைத்த நாளில் மறுபடியும் திறந்துகொள்ளலாம். இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆனால் பிழையை மறுபடி உண்டாக்கும் வழி தெளிவாக எழுதப்பட்டு ஊர்ஜிதமும் ஆகிவிட்ட அறிக்கையை, நெடுநாளாக யாரும் தொடவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தானியங்கி நிரல் ஒன்றை விட்டு மூடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பழையதாயிற்று என்பதனால் பிழை சரியாகிவிடுவதில்லை. பதிவேட்டின் தொகை மாத்திரம் குறைந்து, அடுத்து வருகிறவர் அதே பிழையை முதலிலிருந்து எழுதவேண்டி நேருகிறது.

பழைய அறிக்கைகளுக்குத் தக்க உபசாரம், ஆண்டுக்கொரு தடவையாவது அன்றைய பதிப்பில் மறுபரீட்சை செய்வது. லிப்ரெஆஃபீஸில் ஓராண்டாகத் தொடப்படாத அறிக்கைகளுக்கு இதற்கான வேண்டுகோள் தானாகவே போகிறது. புதிதாகச் சேருகிற தொண்டர் தம் பயிற்சியை இங்கிருந்து தொடங்கலாம். எழுதியிருக்கும் படிகளை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து, பலனையும் பதிப்பு விவரத்தையும் எழுதினால் போதும். இரண்டு தவறுகள் மாத்திரம் நேராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பிழை இப்போது தோன்றவில்லை, ஆனால் எந்த மாற்றம் அதைத் திருத்தியது என்று தெரியவில்லை என்றால், ‘ஃபிக்ஸ்டு’ என்று போடக்கூடாது. அது இன்ன மாற்றத்தினால் சரியாயிற்று என்று தெரிந்ததற்கு உரிய சொல். மற்றதற்கு ‘வொர்க்ஸ் ஃபார் மீ’ உண்டு. பிழை இன்னும் இருக்கிறதென்றால், பதிப்பு என்ற கட்டத்தில் உள்ள எண்ணை இன்றைய எண்ணாக மாற்றக்கூடாது. அந்தக் கட்டம் பிழை காணப்பட்ட மிகப் பழைய பதிப்பைக் குறிப்பது. அதை வைத்துத்தான் பின்னால் வருகிறவர் தம் தேடலை எங்கே தொடங்குவதென்று அறிவார். இன்றைய எண்ணைக் கீழே உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.